குரல் காட்சிக்கு ஒட்டவில்லை

யார்கிட்டயும் போய் எப்படி இருக்குன்னு கேக்காத, கேட்டா சொல்லிடுவானுங்க. பெரியப்பா சொன்னது இப்படித்தானா, இல்லை, கேட்டாலும் சொல்ல மாட்டானுங்க என்றாரா? முன்பாதி நினைவிருக்கிறது, வால் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறாக முடிகிறது. என் கல்யாண விருந்தில், புதுச்சேரி உப்பளத்து மண்டபத்தில், பிரெஞ்சு ராணுவத்தில் வாங்கிய மெடல்களைக் கோட்டில் வரிசையாகக் குத்திக்கொண்டு மைக்கைப் பிடித்தவர் பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகப் பேசினார், எல்லோரும் சிரித்தார்கள், பக்கத்தில் மணப்பெண் ரெஜினா கூடச் சிரித்தாள், நான் மாலையின் ஈரம் கழுத்தை அரிப்பதையே நினைத்துக்கொண்டிருந்ததால் முழுசாகக் கேட்கவில்லை. இருபத்தொரு வருஷம் கழித்து, இந்தக் கணினி அறையில், ஏசிக் காற்றில் கணுக்கால் சில்லிட்டுப்போய் உட்கார்ந்திருக்கும்போது அது எதற்கு வரவேண்டும்? மணி மூன்று பத்து. நான்கு மணிக்குள் படத்தைக் கல்லூரியின் தளத்தில் ஏற்றிவிட வேண்டும். இரண்டு பிரதிகள் தயார், திரையில் இரண்டு சின்னச் சதுரங்கள், ஒன்றின் கீழே குரல்-1, இன்னொன்றின் கீழே குரல்-2, இரண்டிலும் அதே வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, அதே துணிக்கொடி, அதே கறுப்பு நாய் மாடிப்படியில் இறங்கிப் போகிறது, இரண்டு நிமிஷம் நாற்பத்தொரு வினாடி. மேசையில் நாற்பத்தொரு கருத்துத் தாள்கள். நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, இதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறது மனசு, ஒன்றுமில்லை. நான் சவரிராயன், காட்சி ஊடக டிப்ளமோ, வரிசை எண் பதினெட்டு, வயது நாற்பத்தெட்டு, வகுப்பில் எனக்கு அடுத்தபடியாக மூத்தவனுக்கு இருபத்து மூன்று. முதுகெலும்பில் இரண்டு கணு நசுங்கியது என்ற மருத்துவச் சான்றிதழும், விவாகரத்துத் தீர்ப்பின் நகலும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்க, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பியவன். வீட்டில் சும்மா இருந்தால் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவேன் என்ற பயத்தில் சேர்ந்தது இந்தப் படிப்பு. பாஸ் பண்ணி என்ன கிழிக்கப் போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவேனோ என்னவோ.

பாட்டு என்னுடையது. பாட்டு என்று சொல்வதே அதிகம். பாரிசுக்கு வெளியே, ஆறாவது மாடியில், நவம்பர் தொடங்கினால் மார்ச் வரை வெயில் எட்டிப் பார்க்காத வீட்டில் என் மகள் எலோடியைக் குளிப்பாட்டும்போது வாய்க்கு வந்ததை இழுத்தது. ஆறாம் மாடி மேகமே, அடுத்த மாடி ஏறிப் போ, காத்திருக்கும் பிள்ளைக்குக் கொஞ்சம் வெயில் கொண்டு வா. இவ்வளவுதான் முதலில், இந்தப் படத்துக்காக இன்னும் எட்டு வரி சேர்த்தேன், அந்த எட்டும் பொய். அவளுக்கு இப்போது பதினாறு. இரண்டு வருஷமாக எங்கள் பேச்சு என்பது சரி, இல்லை, பரீட்சை இருக்கு, அப்புறம். அதற்குள் ஒரு நாள் எப்படியோ தைரியம் வந்து, படிப்புக்கு ஒரு பாட்டுப் படம் பண்ணுகிறேன், நீ பாடுகிறாயா என்று கேட்டுவிட்டேன். மூன்று வாரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் கைப்பேசியில் ஒரு ஒலிக்கோப்பு, கூடவே அவள் பிரெஞ்சில் எழுதியிருந்தது என் தலைக்குள் தானாகத் தமிழாகிறது: இது மூணாவது தடவை பாடினது பப்பா, பரவாயில்லையா? பரவாயில்லையா என்று அவள் என்னிடம் கேட்டு எத்தனை வருஷம். கோயில் வாசலில் செருப்பைத் தேடுகிறவர்களுக்கு நடுவில் நின்று காதில் வைத்துக் கேட்டேன், கண்ணில் தண்ணீர் வந்தது, அது வெயிலாலும் இருக்கலாம். அபாரம் என்று எழுதினேன். எப்ப வரும் என்றாள். எல்லா மாணவர் படங்களையும் சனிக்கிழமை கல்லூரியின் யூடியூப் சானலில் போடுவார்கள் என்று சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம், அன்றைக்கே அதில் சேர்ந்துகொண்டாள், தோழிகளிடமும் சொல்லி வைத்தாளாம். முதலில் இங்கே சில பேருக்குப் போட்டுக் காட்டுவோம் என்றும் சொல்லித் தொலைத்தேன். ஒன்பது நாளாகக் கைப்பேசியில் ஒரே ஒரு வரி கிடக்கிறது: பார்த்தாங்களா? என்ன சொன்னாங்க?

என்ன சொன்னார்கள். தாள்களை எடுத்து எத்தனையாவது தடவையாகவோ புரட்டுகிறேன். கலர் சூப்பர். நாய் வரும் இடம் நன்று. நாயை இன்னும் கொஞ்சம் காட்டலாம். ஹீரோயின் இல்லை. மின்விசிறி ஓடவில்லை (இது படத்தைப் பற்றியது அல்ல, கருத்தரங்கக் கூடத்தைப் பற்றியது). பசிக்கிறது. அப்புறம் அது. குரல் காட்சிக்கு ஒட்டவில்லை, மாற்றலாம். குரல் காட்சிக்கு ஒட்டவில்லை, மாற்றலாம். நீல மையில், கறுப்பு மையில், பென்சிலில், இருபத்தேழு தாளில். போன வாரம் தமீம்தான் எண்ணினான். என் படத்துக்கு எடிட்டிங் கூட்டாளி, எதையும் தின்றுகொண்டே பேசுகிறவன். "சவரிண்ணே, இருபத்தேழு பேருண்ணே. எங்க வீட்ல எட்டு பேரு, பிரியாணிக்கே ஒத்துமை கிடையாது." கிருபாவதி மேடத்திடம் தாள்களைக் காட்டினேன், மேடமும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார், என்னைவிட ஆறு வயது சின்னவர். "ரொம்ப தெளிவா சொல்லியிருக்காங்க சார். இதைவிட நல்ல கருத்து யாருக்குக் கிடைக்கும்? மாத்திடுங்க. அந்தப் படிவம் இருக்கில்ல, பார்வையாளர் சொன்னது, செய்த மாற்றம், காரணம், மூணு கட்டத்தையும் நிரப்பிக் குடுங்க. மாத்தாம கொண்டு வந்தா முப்பது மார்க் போயிடும், எனக்கே கஷ்டமா இருக்கும்." தமீம் மறுநாளே இரண்டாமாண்டு பிரதிக்ஷாவைக் கூட்டி வந்துவிட்டான். கர்நாடக சங்கீதம் ஒன்பது வருஷமாம், காதில் ஹெட்போனை வைத்தாள், கண்ணை மூடினாள், ஒரே மூச்சில் பாடி முடித்தாள், காத்திருக்கும் என்ற இடத்தில் ஏறி நின்று மெதுவாக இறங்கினாள், அறையில் இருந்த எல்லோருக்கும் முகம் மாறிற்று, எனக்கும் மாறியிருக்க வேண்டும். அந்தப் பொய் எட்டு வரி கூட அவள் வாயில் நிஜமாகிவிட்டது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள், "அங்கிள், முன்னாடி பாடியிருக்கிறது யாரு, உங்க வீட்டுப் பொண்ணா?" "இல்லம்மா, தெரிஞ்ச பொண்ணு." அவ்வளவு சட்டென்று வந்தது. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால் கூடப் பரவாயில்லை. தெரிஞ்ச பொண்ணு. எனக்குத் தெரிந்த பெண்ணா அவள், என்ன சாப்பிடுகிறாள், எந்தப் பக்கம் வகிடு எடுக்கிறாள், தெரியாது, அந்த வகையிலும் பொய்.

விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் கூடத்தில் பத்தொன்பது வருஷம் நின்றேன். நான்கு டிகிரி குளிர், தலையில் வலைத்தொப்பி, தட்டு ஓடி வரும், அதில் நான் வைக்க வேண்டியது கோழித் துண்டும் அதன்மேல் ஒரு கரண்டிக் குழம்பும். மாதம் ஒருமுறை பயணிகள் எழுதிய அட்டைகள் வரும், மேற்பார்வையாளர் சத்தமாக வாசிப்பார், குழம்பு உப்பில்லை. மாற்றினோம். குழம்பு உப்புக் கரிக்கிறது. மாற்றினோம். மூன்றாவது தடவை யாருக்கும் சொல்லாமல் பழைய குழம்பையே ஊற்றினோம், நல்ல முன்னேற்றம் என்று அட்டை வந்தது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அந்த மாதிரி இதுவும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் என்ன, முதல் ஆண்டுப் பிள்ளைகள், வகுப்பு இல்லாத நேரத்தில் உட்கார வைத்தது, அவர்களுக்கு என்ன தெரியும். ஆனால் இருபத்தேழு. ஒரு வார்த்தை மாறாமல் இருபத்தேழு. ஒட்டவில்லை என்று இருபத்தேழு பேருக்கும் தோன்றலாம், ஆனால் ஒட்டவில்லை என்ற அதே சொல்லா தோன்றும்? ஒருவனாவது நல்லாயில்லை என்று எழுதியிருக்க மாட்டானா, ஒருத்தியாவது வாய்ஸ் போர் என்று? பெஞ்சுக்குப் பெஞ்சு பார்த்து எழுதியிருக்கிறதுகள். பார்த்து எழுதினால் முதலில் எழுதியவன் ஒருவன் இருப்பான். அப்படியானால் இது இருபத்தேழு இல்லை, ஒன்று. அந்த ஒருவனைப் பிடித்துவிட்டால் போதும், அவனுக்குக் காது சரியில்லை, அவனுக்கு அன்றைக்குத் தலைவலி, ஏதோ ஒன்று. மணி மூன்று இருபத்திரண்டு. தாள்களை வரிசை எண்படி அடுக்குகிறேன். எண் நான்கு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றில் ஒரு சின்ன, குண்டு குண்டான, பெண் பிள்ளைக் கையெழுத்து: உதாரணமாக, குரல் காட்சிக்கு ஒட்டவில்லை, மாற்றலாம். உதாரணமாக. இந்தத் தாளை இதற்கு முன்னால் எத்தனை தடவை பார்த்தேன், இந்தச் சொல் கண்ணில் படவே இல்லை. எதற்கு உதாரணம்? யார் சொன்ன உதாரணம்? முப்பத்து மூன்றிலும் இருக்கிறது, அங்கே உதாரணத்துக்கு. உதாரணத்துக்கு என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

படம் போட்டுக் காட்டிய அன்றைக்கு நான் கருத்தரங்கக் கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், குட் மார்னிங் சார் என்று ஒரே இழுவையாக. மூக்குக் கண்ணாடி, நரைத்த கிருதா, இஸ்திரி போட்ட சட்டை. நான் வாத்தியார் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தமீம் பின்னால் புரொஜக்டரைக் குடைந்துகொண்டே, "உக்காரச் சொல்லுங்க சார்" என்று நக்கலடித்தான், நானும் உட்காருங்க என்றேன், கையைக் கூட அப்படி ஆட்டினேன், அதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். படம் ஓடி முடிந்து தாளைக் கொடுத்ததும் முன்வரிசையில் ஒருவன் எழுந்தான், "சார், என்ன எழுதணும் சார்?" "மனசுல பட்டதை எழுதுப்பா." "எப்படி சார் எழுதணும்?" அப்போதுதான் சொன்னேன். உதாரணத்துக்கு, குரல் காட்சிக்கு ஒட்டவில்லை, மாற்றலாம், இந்த மாதிரி ஒரு வரி. சொன்னதும் கூடத்தில் ஒரு சத்தம் எழுந்தது, நாற்பது பேனா ஒன்றாகத் தாளில் இறங்கும் சத்தம். நல்ல பிள்ளைகள், யோசிக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாததா? தமிழ்ப் பள்ளியில் சொல்வதெழுதுதல், அப்புறம் பிரெஞ்சுப் பள்ளியில் திக்தே, இரண்டும் அதே சத்தம்தான், வாத்தியார் தும்மினால் தும்மலையும் எழுதிவிட்டு நிமிர்கிற சத்தம். இங்கே யாருக்கும் கருத்துக் கேட்டுப் பழக்கமில்லை, சார் சொல்வார், எழுதிக்கொள்வார்கள், சார் எதைச் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பார்கள். நாய்க்குப் பெயர் வைக்கலாம் என்று சொல்லியிருந்தால் இருபத்தேழு பேர் நாய்க்குப் பெயர் கேட்டிருப்பார்கள். அதைச் சொல்லியிருக்கலாமே. வெளிச்சம் போதவில்லை என்று சொல்லியிருக்கலாம், எழுத்து சின்னதாக இருக்கிறது என்றிருக்கலாம், உலகத்தில் எத்தனை உதாரணம் இருக்கிறது. குரல் என்று ஏன் வந்தது? யாரும் கேட்பதற்கு முன்னால், யாரும் நினைப்பதற்கு முன்னால், அது என் நாக்கின் நுனியில் வாக்கியமாகக் காத்துக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் கேட்டபோதே இருந்ததா? அபாரம் என்று எழுதிய அதே விரலில் இருந்ததா? ஒருவனைப் பிடித்துவிட்டால் போதும் என்று அடுக்கினேனே, பிடித்தாயிற்று.

இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம், அப்பனாக இல்லாமல், யாரோ ஒருவனாக. ஹெட்போன் காதை அழுத்துகிறது. ஆறாம் மாடி மேகமே. மெலிந்த குரல், அடியில் ஏதோ யந்திரத்தின் இரைச்சல், ஹீட்டராக இருக்கும். அடுத்த மாடி ஏறிப் போ என்ற இடத்தில் ஏறவில்லை, ஏறப் போய் நின்றுவிடுகிறது. ஒரு நிமிஷம் பன்னிரண்டாவது வினாடியில் தூரத்தில் ஒரு கதவு. டொக். அதற்கப்புறம் குரல் பாதியாகக் குறைகிறது, வாயைக் கையால் மூடிக்கொண்டு பாடுவது போல. இந்தக் கதவை இன்றைக்குத்தான் கேட்கிறேனா? ரெஜினா வேலையிலிருந்து வந்திருக்கிறாள். அந்த வீட்டு வாசல் கதவு அப்படித்தான் மூடும், அடியில் ரப்பர் தேய்ந்துபோன கதவு, மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று மாற்றாமலே வந்துவிட்டேன். அம்மா காதில் விழாமல் பப்பாவுக்குப் பாட வேண்டும், நிறுத்தவும் கூடாது, இது மூன்றாவது தடவை, அதனால்தான் அந்த அமுங்கல். இது தெரிந்த பிறகு கேட்டால் அந்த இடம்தான் பாட்டிலேயே, பாட்டிலேயே என்ன? நல்ல இடமா? இல்லை. இவ்வளவு தெரிந்தும் என் காது மோசம் என்றுதான் சொல்கிறது, பிரதிக்ஷா ஏறி நின்ற இடத்தை அது தேடுகிறது. நாய் படியிறங்கும்போது அந்தக் குரல் கூட இறங்கியதே, அதைத் தேடுகிறது. என்ன ஜென்மம் இது. ஏழு வயதில் அவள் பள்ளித் திருவிழாவில் பாடினாள், மஞ்சள் உடுப்பு, நான் முதல் வரிசையில் கேமராவோடு. மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் ஓடி வந்தாள், "பப்பா, எப்படி இருந்துச்சு?" பேட்டரி இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துக்கொண்டே நல்லா இருந்துச்சு என்றேன். "நீ கேக்கவே இல்ல." கோபமாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னாள். இப்போது கேட்டுவிட்டேன் எலோடி. முழுசாகக் கேட்டுவிட்டேன். அதுதான் தொல்லை.

தமீம் வருகிறான், கையில் பப்ஸ், சட்டையெல்லாம் துகள். "என்னண்ணே, இன்னும் ஏத்தலயா? மூணு நாப்பத்தி ரெண்டு ஆச்சு, நெட்டு வேற தவழுது." பதினொன்றாம் தாளை அவனிடம் நீட்டுகிறேன். உதாரணமாக என்ற சொல்லைத் தொட்டுக் காட்டுகிறேன். படிக்கிறான், ஒரு கணம் புரியவில்லை, அப்புறம் வாயிலிருந்த பப்ஸ் தெறிக்கச் சிரிக்கிறான். "ஐயோ, டிக்டேஷன் எழுதியிருக்குங்கண்ணே! சார்னு நினைச்சிட்டு! இதை மேடத்துக்கிட்ட சொன்னா இன்னொரு ஸ்கிரீனிங் வைங்கன்னு சொல்லுவாங்க, ஆளை விடுங்க." "தமீம், தாளை விடு. முதல் தடவை கேட்டப்ப உனக்கு எப்படி இருந்துது? அந்தக் குரல்." "எனக்காண்ணே?" "உனக்குத்தான்." சிரிப்பு அவன் முகத்தில் வேலையில்லாமல் நிற்கிறது. "நான் எடிட்டருண்ணே. ஸ்கிரீன்ல சவுண்டுக் கோடு ஏறுதா இறங்குதான்னு பாப்பேன், பாட்டை எங்க கேக்கறேன்." "சும்மா சொல்லு." "நீங்க சொல்லுங்கண்ணே, உங்க படம்." ஒரு மனுஷன், ஒரே ஒரு மனுஷன் தன் வாயால் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொன்னால் அவன் காலைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவேன். இன்னொரு கூட்டம் கூட்டினால் மட்டும் என்ன ஆகும், இந்தத் தடவை வாயைத் திறக்காமல் நின்றாலும் முகத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அவள் யாரென்று தமீமுக்குச் சொல்லலாம். சொன்னால் உடனே, ஐயோ, நல்லாதாண்ணே இருக்கு என்பான், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. குரல்-1ஐ ஏற்றினால் சனிக்கிழமை அவள் தோழிகளோடு உட்கார்ந்து பார்ப்பாள், பார்த்துவிட்டு என்னைக் கேட்பாள், நான் அபாரம் என்பேன், அவள் ஏழு வயதிலேயே என்னைக் கண்டுபிடித்தவள். குரல்-2ஐ ஏற்றினால் அதே தோழிகள், அதே சனிக்கிழமை, நாய் படியிறங்கும், வேறு யாரோ பாடுவார்கள். ஒன்றுமே ஏற்றாமல் எழுந்து போய்விட்டால்? கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தால்? உட்கார்ந்தாலும் கைப்பேசியில் அந்த வரி இருக்கும். என்ன சொன்னாங்க? தமீம் விரலை நக்கிக்கொண்டு கடிகாரத்தைக் காட்டுகிறான். கேட்டால் சொல்லிடுவானுங்க, சொல்ல மாட்டானுங்க, பெரியப்பா, எதுவாக இருந்தாலும் வாயை மூடுங்கள். படிவத்தில் மூன்று கட்டம், மூன்றாவது காலி.

மூன்று ஐம்பத்தாறுக்குக் குரல்-2ஐ ஏற்றினேன். காரணம் என்ற கட்டத்தில், பார்வையாளர்கள் இருபத்தேழு பேர் கேட்டுக்கொண்டது என்று எழுதினேன். எலோடிக்கும் அதையே எழுதி அனுப்பினேன்.